பன்னிரண்டு இலக்கம் காத்த படலம்

வாழி, நான்கு கோடும் நிறைந்து நின்று அருள்புரியும் அலைபேசிக் கோபுரமே! வாழி, மின்தடை வந்த வேளையிலும் மூன்று விழுக்காட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மின்கலமே! உங்கள் இருவர் துணையால், வெண்ணாறும் அரசலாறும் வாய்க்காலாய்க் கிளைத்து வயல்தோறும் நுழையும் நெல்நாட்டில், நன்னிலத்துக் கணினிப் பயிற்சி மையத்தின் நாவலனும், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரின் எடுக்காத திண்மையனும், கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றி அடிக்கடி மறக்கும் நெறியினனும், 'ஓடிபி கேட்டால் உடன்பிறந்தானுக்கும் உரையாதே' என்று மாணாக்கர் செவிப்பறை அதிர முழங்குபவனும் ஆகிய இனியவன், தன் ஆதார் எண்ணைக் காக்கப் புரிந்த பெரும்போரைப் பாடப் புகுகின்றோம். போர்க்களம் ஒரு வாட்ஸ்அப் உரையாடல்.

இப்போருக்கு மூலம் மண்ணாசையன்று, பொன்னாசையன்று, வாடகை வீட்டாசை. வீரனின் இல்லக்கிழத்தி எழில்மொழி தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் செவிலி. அவள் குடும்பத்தில் சம்பளச் சீட்டு என்ற ஒன்றைக் கையில் வாங்கிய முதல் பெண். ஐந்து மாதக் கருவைச் சுமந்தபடி நன்னிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து தஞ்சைக்கு இன்னொரு பேருந்து என அவள் நாள்தோறும் குலுங்கி வருவதைக் கேட்ட டாக்டரம்மா, "இந்த அலைச்சல் இனிமே ஆகாதும்மா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த மாசத்துக்குள்ள அங்க வீடு பாருங்க. இல்லன்னா நான் வேலைய விடறதத் தவிர வேற வழியில்ல" என்றாள் எழில்மொழி.

"தலையே போயினும் உன் வேலை போகாது! அங்கிருந்து இங்கு வந்து பாடம் எடுக்கும் அலைச்சல் என்னுடையதாகுக!" என்று வஞ்சினம் கூறி எழுந்த இனியவன், ஞாயிறுதோறும் தஞ்சை மாநகர் மீது படையெடுத்தான். டூ லெட் அட்டை தொங்கிய வாயில்களில் எல்லாம் வணக்கம் என்னும் வாளை உயர்த்தி நின்றான். பெயரைக் கேட்டவர் எவராலும் அவனை அளந்துவிட முடியவில்லை. கூலிக்கு நாற்றுப் பறித்த காத்தான், பெயரைக் கேட்டு எவனும் தன் மகனைத் தள்ளி நிறுத்தக் கூடாது என்று, வாத்தியாரிடம் கேட்டுக் கேட்டுத் தேடி வைத்த பெயர் அது. ஆனால் பெயரோடு நிற்குமா நகரத்தார் விசாரணை? "சொந்த ஊரு எது தம்பி?" என்பது முதற்கணை. "நன்னிலம் பக்கம்" என்றால், "நன்னிலத்துல எங்க?" என்பது அடுத்த கணை. ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பது மார்பைத் துளைக்கும் மூன்றாம் கணை. அதன்பின், "வீட்ல கலந்துகிட்டுச் சொல்றோம் தம்பி" என்ற சமாதான ஓலையோடு கதவு சாத்தப்படும். அவர்கள் இன்றுவரை வீட்டில் கலந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறை கதவு சாத்தப்பட்டபோதும் அவமானத்தில் வீரனின் காதுமடல் சுட்டது. சுட்ட காதுமடலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை வாசலில் நின்று அவன் செய்த பிரகடனம் இது: "இனி வாயில்தோறும் ஏறி இறங்கேன்! இணையமே என் வழி! இணையத்துக்கு ஊர் ஏது? தெரு ஏது? அங்கே கண்ணுக்குத் தெரியாத திருடன் ஒருவனே பகை. அவனை வெல்லும் வித்தையோ நான் பிறர்க்கே பயிற்றும் வித்தை!" கடைக்காரர் சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

அவ்வாறே வலைத்தளத்தில் வலைவீசிய மூன்றாம் நாள், அகப்பட்டது ஒரு வீடு. மருத்துவமனைக்கு நடந்தே போகும் தொலைவு; தரைத்தளம்; கிழக்கு பார்த்த பெரிய ஜன்னல்; 'உடனே குடியேறலாம்' என்ற அமுதமொழி. உரிமையாளர் பெயர் நாகநாதன். முகம் தெரியவில்லை, முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த எழில்மொழி, "இந்த ஜன்னலோரமா தொட்டில் கட்டிரலாங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் இனியவனுக்கு அந்த வீடு பாதி சொந்தமாகிவிட்டது.

ரோஜாப்பூ பேசியது: "வீடு காலியாதான் இருக்கு சார். ஃபேமிலிதானே? ஆதார் ரெண்டு பக்கமும் அனுப்புங்க, சம்பள ஸ்லிப்பும் அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

கண்டான் இனியவன்; சிரித்தான்; அச்சிரிப்பில் மேசைமேல் இருந்த சுட்டி நடுங்கியது. முகம் காட்டாமல் ஆவணம் கேட்பவன் கள்வன் என்பது அவன் வகுப்பின் முதல் பாடம். எண்ணைப் பறிகொடுத்தவன் பெயரில் முன்பின் அறியாதோர் கடன் வாங்கித் தின்ற கதையை, கண்கலங்கக் கலங்க ஒவ்வொரு ஆண்டும் சொல்பவன் அவன். "வந்தாயா, என் வாய்க்காலுக்கே மீன் பிடிக்க!" என்று கர்ச்சித்துக் கணினி முன் அமர்ந்தான். அன்று அவன் தொடுத்த கறுப்பு, கார்காலத்து முகிலும் காணாத கறுப்பு. தூரிகையால் மேலோட்டமாகப் பூசினால் வெளிச்சத்தைக் கூட்டி உள்ளே பார்த்துவிடுவார்கள் என்று அறிந்த பேரறிவினன் ஆதலால், எண்ணின் மேல் கட்டம் வைத்தான். கட்டத்தின் மேல் கட்டம் வைத்தான். மூலையில் இருந்த கியூஆர் கோட்டை மூடினான். பிறந்த தேதியை மூடினான். சம்பளச் சீட்டின் வங்கிக் கணக்கை மூடினான். குறுக்கே 'வீட்டு வாடகைக்கு மட்டும்' என்று சாய்வாக எழுதிக் கொடியேற்றினான். வெறி தணியாமல் தன் புகைப்படத்தில் ஒரு காதையும் மூடினான். எட்டிப் பார்த்த எழில்மொழி, "என்னங்க இது, தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

முன்பக்கம் என்னும் முதற்படையை ஏவினான் வீரன். கூடவே ஓர் அறைகூவல்: "ஐயா, பாதுகாப்புக் காரணங்களுக்காக எண் மறைக்கப்பட்டுள்ளது. எக்காரணம் கொண்டும் அது வெளியிடப்பட மாட்டாது!" அனுப்பிவிட்டுக் கைகட்டி நின்றான். பகைவன் சீறுவான், கெஞ்சுவான், மிரட்டுவான், அப்போது அவனைச் சொற்களால் சின்னாபின்னமாக்கலாம் என்று மறுமொழிகள் மூன்றை முன்கூட்டியே தட்டச்சு செய்தும் வைத்திருந்தான்.

வந்த பதிலோ இது: "பரவால்ல சார், நம்பர் எனக்கு எதுக்கு? பின்பக்கம் மட்டும் அனுப்புங்க, போதும். ஸ்லிப்கூட வேணாம்."

ஆகா! அம்பு எய்யுமுன்பே அடிபணிந்தான் பகைவன்! முரசு இல்லாமையால் மேசையைக் கொட்டினான் இனியவன். சங்கு இல்லாமையால் சீழ்க்கை அடித்தான். கள்வனல்லன் இவன், கனவான். எண் வேண்டாத எண்ணத் தூய்மையன். சம்பளமும் கேளாத சான்றோன் என்று, சற்றுமுன் திருடன் என்ற வாயாலேயே நாகநாதனுக்கு மெய்க்கீர்த்தி பாடினான்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "எந்த ஊரு, எந்தத் தெருன்னு ஏதாச்சும் கேட்டாரா?"

"கேக்கவே இல்ல எழிலு! ஒரு வார்த்தை கேக்கல! பெரிய மனுஷன். நான்தான் சொன்னேனே, ஆன்லைன்ல அதெல்லாம் கிடையாதுன்னு!"

அவள் ரசத்துக்குப் புளியைக் கரைத்து வைத்தாள். பிறகு, "அப்ப சரி. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கணும்" என்றாள்.

பின்பக்கம் என்னும் மாபெரும் படை புறப்பட்டது. எண்ணின் ஓர் இலக்கமும் தெரியவில்லை. கியூஆர் கோட்டின் ஒரு புள்ளியும் தெரியவில்லை. கோட்டைச் சுவரில் ஓர் ஓட்டையும் இல்லை. இரண்டு கோடுகள் நீலமாயின. சோறு வெந்தது, ரசம் கொதித்தது, சாப்பிட்டு இலை எடுத்தாயிற்று, ரோஜாப்பூ பேசவில்லை. கடைசியில் பேசியது: "சாரி சார். வீடு எங்க சொந்தக்காரப் பையனுக்குப் பேசிட்டாங்களாம். இப்பதான் எனக்கே தெரியும்."

திடுக்கிட்டான் தீரன். எண் கசிந்ததோ? காவலில் குறையோ? அனுப்பிய படத்தைத் திறந்தான், பெரிதாக்கினான், கறுப்புக் கட்டங்களின் ஓரம்தோறும் விரலை ஓட்டி ஆராய்ந்தான். இல்லை, பன்னிரண்டில் ஒன்றும் பகைவன் கையில் சிக்கவில்லை. அத்தனை கறுப்புக்கும் நடுவே, அவன் தொடாமல் விட்ட இரண்டு வரி மட்டும், துடைத்து வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது: 'த/பெ காத்தான், காலனித் தெரு'.

வாயில்தோறும் வந்த மூன்று கணையும், அவனே படமெடுத்து, அவனே சுற்றிலும் கறுப்பு அடித்து எடுப்பாக்கி, அவனே அனுப்பி வைத்த ஒரே கணையாக அவன் மார்பில் வந்து தைத்தன. வலித்தது. வலைத்தளத்தைத் திறந்து பார்த்தான். கிழக்கு பார்த்த ஜன்னலும், 'உடனே குடியேறலாம்' என்ற அமுதமொழியும் அங்கேயே இருந்தன.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் எழில்மொழி.

"வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்."

அவள் அவன் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். "ம்" என்றாள். காலைப் பேருந்துக்கு எடுத்துப் போக வேண்டிய தண்ணீர் பாட்டிலை நிரப்பிப் பையில் வைத்தாள்.

ஆயினும் நடுவுநிலை தவறாமல் உரைப்போமாக: காக்கப் புகுந்தது பன்னிரண்டு இலக்கம், காத்தான் பன்னிரண்டையும். களத்தில் பகைவன் கொண்டது ஒன்றுமில்லை. படைத்தலைவன் இழந்தது எண்ணில் அடங்குவதுமில்லை. ஆகவே, மறைப்புக்கலை மாமன்னனும், கட்டத்தின் மேல் கட்டம் வைத்த கோமானும், காதொன்று இழந்தும் கலங்காத காவலனும் ஆகிய இனியவனுக்கே வெற்றி, வெற்றி என்று வெண்ணாறு உள்ளளவும் அரசலாறு உள்ளளவும் பறை அறைக!

மறுநாள் வேறொரு வீட்டுக்காரர் ஆதார் கேட்டபோது, நம்பரை அப்படியே விட்டுவிட்டு அப்பா பெயரையும் தெருப் பெயரையும் மறைத்து அனுப்பினான்.