மச்சான் அனுப்பிய கொசு மருந்து

ஜெலாப்பாங்குக்கு அப்பால் ரப்பர் தோட்டம்,
1926 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

புந்தோங்கில் மாட்டு வண்டி வைத்துச் சீரும் சிறப்புமாக வாழும் பெரிய மச்சான் பழனியப்பன் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை வீரம்மாவின் புருஷன் பிச்சைமுத்துக் கங்காணி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் கொசுக்கள் யாவும் மாரியம்மன் கிருபையால் பரிபூரண சுகம். அவ்விடத்தில் என் பெண்சாதி பிள்ளையின் சுகத்துக்கு மட்டும் எழுதினால் போதும். உங்களுடையது எனக்கு வேண்டாம்.

மழை பிடித்ததும் பையன் முகமெல்லாம் கொசு கடித்துத் தடித்துப் போய், வீரம்மா அவனைத் தூக்கிக்கொண்டு உங்கள் வண்டியில் ஏறினாளே, அப்போது அவள் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. "கொசுவுக்கு ஒரு வழி பண்ணிட்டு ஆள் அனுப்புங்க. அதுவரைக்கும் நீங்களும் அங்க வந்து நிக்க வேணாம்." நான் எப்படியாவது சமாதானம் பண்ணியிருப்பேன். நடுவில் புகுந்து, "கவலைப்படாதே மாப்பிள்ளே, மருந்துக்கு நானாச்சு" என்று மார் தட்டியது யார்? நீங்கள்தானே?

முதலில், மீன் குழம்பில் வாசனைக்குப் போடுகிற செராய்ப் புல்லின் எண்ணெய் அனுப்பினீர்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொண்டேன். ஈரம் இருக்கிறவரை கொசு எட்டித்தான் நின்றது, பொய் சொல்லக் கூடாது. ஈரம் காய்ந்ததோ இல்லையோ, அதுவரை பொறுத்திருந்த கூட்டமெல்லாம் பந்திக்கு முந்திக்கொண்டு வந்தது. அதுவாவது வீட்டுக்குள் நடந்தது. விடியற்காலைப் பெரட்டில் ஆள் பேர் கூப்பிட நான் வாயைத் திறக்கிறேன், துரை மூக்கைப் பொத்திக்கொண்டு கணக்கு எழுதுகிற கிராணியிடம் என்னவோ கேட்கிறார். கிராணி சும்மா இருக்கக் கூடாதா? "யாருய்யா மீன் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கிட்டு பெரட்டுக்கு வந்தது? துரை கேக்குறாரு!" என்று கத்தினார். என்னைக் கண்டால் பயந்து வாயில் இருக்கிற வெற்றிலையைத் துப்புகிற ஆட்களெல்லாம் அன்றைக்கு என் முகத்துக்கு நேரே சிரித்தார்கள்.

இதைச் சொல்லி அனுப்பினால், "அப்போ புகை போடு" என்றீர்கள். காய்ந்த சாணி, தேங்காய் மட்டை, வேப்பிலை எல்லாம் சேர்த்து மூட்டினேன். லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை போகாது, அது உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் இங்கே குடியிருந்தவர்தானே? என் வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்குப் போனது, கூடவே கொசுவும் போனது. பக்கத்து வீட்டு இருளாயி "ஐயோ, தீ!" என்று அலறிக்கொண்டு ஒரு குடம் தண்ணீரைச் சுவருக்கு மேலால் கவிழ்த்தாள். அது நேராக என் அரிசி மூட்டையில் இறங்கியது. தீயில்லை, புகைதான் என்று தெரிந்ததும் சண்டைக்கு வந்துவிட்டாள். "ஏங்க கங்காணி, உங்க வீட்டுக் கொசுவை எதுக்கு எங்க வீட்டுக்கு வெரட்டுறீங்க? ஆளுக்கு வேலை மாத்திக் குடுக்குற மாதிரி கொசுவுக்கும் மாத்திக் குடுக்குறீங்களா?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

அதோடு விட்டீர்களா? கைகண்ட மருந்து என்று ஒரு போத்தலை உங்கள் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினீர்கள். அதையும் நம்பிப் பூசினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துத் தடவினாற்போல எரிச்சல். மண்ணெண்ணெய் நாற்றம் வேறு. ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைக்கொட்டகைக்கு மேற்பார்வைக்குப் போனால் அங்கே காவல் இருக்கிற சதாசிவம் கையை விரித்து மறிக்கிறான். "உள்ள வராதீங்க கங்காணி, நீங்க பத்திக்கிட்டா பரவால்ல, ரப்பர் பத்திக்கிட்டா துரைக்கு யாரு லா பதில் சொல்றது?" அப்புறம் அந்த வண்டிக்காரரைப் பிடித்து உலுக்கிக் கேட்டால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "அது ஈ ஒட்டாம இருக்க மாட்டுக்குப் பூசுறது லா!"

ஏன் மச்சான், தெரியாமத்தான் கேக்குறேன், நான் மாடா? மாடு உதைக்காம நிக்குதுன்னா அதுக்குப் பெரட்டு உண்டா, துரை உண்டா, கோவிச்சுக்கிட்டுப் போற பெண்சாதி உண்டா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று அந்த வண்டிக்காரர் சொன்ன இன்னொரு சேதிதான் பொறுக்க முடியவில்லை. பையன் பேச ஆரம்பித்துவிட்டானாம். உங்களைப் பார்த்து "ப்பா, ப்பா" என்கிறானாம். நீங்களும் "ஆமாண்டா ராசா" என்று தூக்கி வைத்துக் கொஞ்சுகிறீர்களாம். யார் பெத்த பிள்ளைக்கு யார் அப்பன்? எனக்கு வயிறு பத்தி எரியுது மச்சான். வீட்டுக்குள்ளே வந்தா ஒரு குரல் இல்லே, ஒரு அழுகை இல்லே. சோறு பொங்கினா தின்னப் பிடிக்கலே. என் காதுகிட்டே வந்து பேசுறது இந்தச் சனியன் பிடிச்ச கொசு ஒண்ணுதான்.

முடிவாகச் சொல்லிவிட்டேன். வேலை செய்கிற மருந்து இந்த வாரத்துக்குள் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் நானே புறப்பட்டு வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவேன். மறித்தீர்களானால் உறவு அறுந்தது. செத்தாலும் உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன், ரோட்டில் நின்றே கூப்பிடுவேன்.

மூத்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு கும்பிடு. உங்கள் வீட்டு அக்காவுக்குப் பல கும்பிடு, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் மாடுகளுக்கு என் அன்பு. அவையும் நானும் இப்போது ஒரே வாசனை.

இப்படிக்கு,
தோல் உரிந்த
பிச்சைமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வீரம்மா, இடுப்பில் பையன். இரண்டு பேர் முகமும் வீங்கிக் கிடக்கிறது. "எங்கண்ணன் வீட்டுல இருக்கிறதெல்லாம் கொசுவா? ஒவ்வொண்ணும் கோழிக்குஞ்சு தண்டி! அதுக்கு நம்ம கொசுவே தேவலை" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். பையன் என்னைப் பார்த்து "ப்பா" என்றான். ஆகையால் மேலே கண்டதை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் தங்கமான மனுஷர். உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன் மச்சான், உங்கள் வீட்டுக் கொசுவுக்கு மட்டும் எந்த மருந்தும் போட்டுவிடாதீர்கள்.