இதுதான் கடைசி ஏற்றம்

கடைசி ஏற்றக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால், ஒன்று, நீங்கள் கூட்டமாகச் சைக்கிளில் எங்கும் போனதில்லை; அல்லது அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாகப் போனவரே நீங்கள்தான். இந்த இரண்டாவது விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வயது அறுபதுக்கு மேல். கெண்டைக்கால் இரண்டும் உருட்டுக்கட்டை. கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துவைத்த நிலப்படம் ஒன்று தொங்கும். அதை அவர் பார்ப்பதே இல்லை, ஆனால் அது இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போவதில்லை. ஏற்றத்தின் உச்சிக்கு முதலில் போய் நின்றுகொண்டு, கீழே மூச்சுவாங்கி, நாக்குத் தள்ளி, சைக்கிளைப் பாதி உருட்டிப் பாதி திட்டி, அவருடைய வம்சத்தையே மனசுக்குள் அர்ச்சனை செய்தபடி ஏறிவருகிறவர்களைப் பார்த்து, மலர்ந்த முகத்தோடு சொல்வார்: "அவ்வளவுதாம்ப்பா. இதுதான் கடைசி ஏத்தம். இனிமே எல்லாம் எறக்கம்தான்."

பொய்யா? இல்லை. அதுதான் இந்தப் பிறவியின் விசேஷம். சொல்கிற நேரத்தில் அவர் அதை மனதார நம்புகிறார்.

எங்கள் சைக்கிள் சங்கத்துக்கு வாய்த்தவர் பெயர் ஓட்மார். எங்கள் பக்கத்தில் நெக்கர் ஆறு நேராக ஓடுவதே கிடையாது. ஒரு மலையைச் சுற்றும், அடுத்த மலையை விசாரிக்கும், மறந்துவிட்டுப் போன சாமானை எடுக்கப்போவது போலத் திரும்பிவரும். கரையோரமாக அருமையான சைக்கிள் பாதை இருக்கிறது. ஒரு கையில் ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டே ஓட்டலாம். ஆனால் ஓட்மார் கரையோரம் போவாரா? "வளைவைச் சுத்தினா ஒம்பது கிலோமீட்டர். மேல ஏறிக் குறுக்கே வெட்டினா ரெண்டே ரெண்டு" என்பார். அந்த இரண்டும் செங்குத்தாக நிற்கிறது என்பது அவர் கணக்கில் வராது. மனுஷர் முப்பத்தெட்டு வருஷம் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். நிலப்படத்தில் மலைகூடத் தட்டையாகத்தானே இருக்கிறது?

பத்தொன்பது வருஷமாக அவர்தான் தலைவர். அவர் சைக்கிளின் பின்னால் ஒரு மஞ்சள் கொடி ஆடும், அதன் பின்னால் நாங்கள் பத்துப் பேர் போவோம். அவர் பேச்சைக் கேட்டுப் பின்னால் வர அவருக்கு உலகத்தில் வேறு யாரும் கிடையாது. வீட்டுப் பூனைகூட எதிர்த்த வீட்டில்தான் சாப்பிடுகிறது. அந்தக் கொடிக்காகத்தான் மனுஷர் வாரத்தின் மற்ற ஆறு நாளையும் ஓட்டுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

தெரிந்தும் என்ன செய்ய? முழங்கால் என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் கூடினால் சங்கம். நான்காவது ஆள் வந்தால் தீர்மானப் புத்தகம். வசந்தகாலக் கூட்டத்தில் கெர்லிண்டா எழுந்து நின்றாள். ஓய்வுபெற்ற தபால்காரி. "முப்பது வருஷம் இந்த மலையில தபால் போட்டவ நான். எங்க ஏத்தம் இருக்குன்னு ஓட்மாருக்குப் படம் சொல்லணும். எனக்கு என் மூட்டே சொல்லும்" என்று ஆரம்பித்து, ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். இலையுதிர்காலப் பயணத்தில், 'இதுதான் கடைசி ஏற்றம்' என்று தலைவர் அறிவித்த பிறகு இன்னொரு ஏற்றம் வந்தால், அவர் கொடியைக் கழற்றிவிட வேண்டியது. ஏற்றமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் செயலாளர். ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு ஒன்று, அது ஓட்மார். நடுநிலை ஒன்று. அது நான், செயலாளர்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை கிளம்பினோம். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், கொடி பிழைத்திருக்கும். ஆனால் முதல் மலையின் உச்சியில் நின்றதும், திராட்சைத் தோட்டமெல்லாம் கீழே மஞ்சளாக விரிந்து கிடந்ததைப் பார்த்ததும், அந்த வாய் சும்மா இருக்குமா?

"இதுதான் கடைசி ஏத்தம்" என்றார்.

"எழுதிக்குங்க செயலாளரே" என்றாள் கெர்லிண்டா. பத்து மணி இருபது நிமிஷம் என்று எழுதிக்கொண்டேன்.

பத்தரைக்குச் சாலை மறுபடி மேலே போனது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இது ஏத்தம் இல்லப்பா, மேடு" என்றார் ஓட்மார்.

"மேட்டுக்கும் ஏத்தத்துக்கும் என்னய்யா வித்தியாசம்?"

"மேடுன்னா பேசிக்கிட்டே ஏறலாம். இப்ப பேசிக்கிட்டுத்தானே வரீங்க?"

திட்டிக்கொண்டு வந்தோம் என்பதுதான் சரி. ஆனாலும் விட்டுவிட்டேன். அடுத்து வந்ததைப் பாலத்தின் சரிவு என்றார். அது பாலம் கட்டினவனுடைய பொறுப்பாம். அதையும் விட்டேன். மூன்றாவதாக ஒரு சந்து, சுவரில் சாய்த்துவைத்த ஏணி போல மேலே போனது. அங்கே அவரிடம் பெயர் தீர்ந்துபோய்விட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தவர் முகம் சட்டென்று விளக்குப் போட்டது போல ஆயிற்று.

"அதோ பாரு, துடைப்பம்."

துடைப்பத்தைக் கண்டதும் பல் தெரியச் சிரிக்கிற ஜாதி உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். எங்கள் பக்கத்துத் திராட்சைக்காரர்கள் வருஷத்தில் சில வாரம் தங்கள் வீட்டையே ஒயின் கடையாகத் திறப்பார்கள். வாசலில் துடைப்பம் தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சந்தை நாங்கள் எப்படி ஏறினோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கெர்லிண்டாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். ஏற்றம் என்று யாருமே சொல்லவில்லை.

முற்றத்தில் நீள மேஜை, தட்டுகள் எல்லாம் தயார். ரோஸ்விதா என்று ஒரு அம்மாள் ஓடிவந்தாள்.

"வந்துட்டீங்களா, நல்லவேளை. உக்காருங்க, முதல்ல சாப்பிட்டுருங்க."

என்ன உபசாரம். கேட்காமலே பருப்பும் நூடுல்ஸும் சாசேஜும் வந்தன. போன வாரம் பிழிந்து இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிற புது ஒயின் வந்தது. அது தொண்டையில் பழரசம், முழங்காலில் பஞ்சு. இரண்டாவது கிளாஸில் ஓட்மார் பாட ஆரம்பித்தார். மூன்றாவதில் கெர்லிண்டா அவரோடு சேர்ந்து பாடினாள். கொடி, தீர்மானம், மூட்டுவலி எதுவும் யாருக்கும் ஞாபகமில்லை.

"அம்மா, இன்னொரு சுத்து கொண்டாங்க" என்றார் ஓட்மார்.

"அது சாயங்காலம். இப்ப இதைப் புடிங்க" என்று ரோஸ்விதா பதினொரு கத்தரிக்கோலையும் பதினொரு வாளியையும் மேஜைமேல் வைத்தாள்.

பாட்டு நின்றது.

"எங்க மச்சான் அனுப்புறேன்னு சொன்ன ஆளுங்கதானே நீங்க? திராட்சை பறிக்க? பத்துப் பேருன்னாரு. ஒருத்தர் கூடவே வந்திருக்கீங்க, சந்தோசம்."

"வாசல்ல துடைப்பம் தொங்குதேம்மா" என்றார் ஓட்மார், ஈனக் குரலில்.

"இந்த வாரம் தெருக் கூட்டுற முறை எங்களுது. கூட்டிட்டுக் கழுவிக் காயப்போட்டிருக்கேன். ஏன், துடைப்பத்துக்கு என்ன?"

சாப்பிட்ட தட்டைப் பார்த்தோம். பளபளவென்று இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் சாப்பிட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனான் என்றால் அந்தப் பேச்சு அவன் பேரன் கல்யாணம் வரைக்கும் வரும். வாளியை எடுத்தோம். தோட்டம் எங்கே என்று கேட்டதற்கு அந்த அம்மாள் வானத்தைக் காட்டினாள்.

கல் படி, முந்நூற்று அறுபத்திரண்டு. எண்ணினேன். புது ஒயின் தலையில் ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் மலையில் ஏறிக்கொண்டிருந்தோம். பாதியில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, அது ஆளுக்கு ஆள் தொற்றி, பதினொரு பேரும் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கெர்லிண்டாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"செயலாளரே, இது ஏத்தமா, இல்லையா?"

"சைக்கிள்ல ஏறினாத்தான் ஏத்தம்" என்றார் ஓட்மார் அவசரமாக. "இது வாளியோட ஏறுறது."

தீர்மானப் புத்தகம் என் பையில் இருந்தது. புரட்டினேன். ஏற்றம் என்றுதான் எழுதியிருந்தேன். சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்மார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு பாதி முகத்தில் நின்றுபோயிருந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எழுந்து நிற்கப்போன என் வலது முழங்கால் அந்த நேரம் பார்த்துக் கடக்கென்றது.

"ஏத்தம்தான்" என்றேன்.

ஓட்மார் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தார். சாயங்காலம் வரை எங்கள் எல்லோரையும்விட அதிகமாக, ஏழு வாளி பறித்தார். கீழே வந்ததும் கொடியைக் கழற்றிக் கெர்லிண்டாவிடம் நீட்டினார்.

"எனக்கா? முன்னாடி போறவ முதுகுலதான் அத்தனை திட்டும் விழும். தீர்ப்புச் சொன்னவரே வச்சுக்கட்டும்."

ஓட்மார் அதை என் சைக்கிளில் தன் கையாலேயே கட்டினார். "இறுக்கிக் கட்டிருக்கேன். சாயாது" என்றார். திருடினவன் மாதிரி ஏறி உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது ரோஸ்விதா என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: "அணைக்கட்டுகிட்ட கரைப் பாதையை மூடிட்டாங்க. மலைமேல சுத்தித்தான் போகணும்." தலையாட்டினேன். திரும்பிப் பார்த்தேன். பத்து முகம். கையெல்லாம் பிசுபிசுப்பு, காலெல்லாம் நடுக்கம், கண்ணெல்லாம் என்மேல்.

"தலைவரே, இன்னும் ஏத்தம் இருக்கா?" என்றாள் கெர்லிண்டா.

"சேச்சே. ஏறினோமே, அதுதான் கடைசி. இனிமே எல்லாம் சமதளம்தான்" என்றது என் வாய். நம்புங்கள், சொன்ன அந்த நேரத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைசி ஆளாக நின்றிருந்த ஓட்மார் மட்டும், தீர்ப்புக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, "பக்கத்துலதான், இதோ அஞ்சு நிமிஷம்" என்று பெண்டாட்டி பிள்ளைகளைக் கொளுத்துகிற வெயிலில் நடத்திக்கொண்டு போனது யார்? "இந்த ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் நிம்மதிதான்" என்று வருஷா வருஷம் வீட்டில் சொல்வது யார்? நம்பித்தானே சொன்னீர்கள்? எதற்கும் ஒருமுறை உங்கள் சைக்கிளின் பின்பக்கம் திரும்பிப் பாருங்கள். மஞ்சளாக ஏதாவது ஆடினால், இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.