ஏழாம் நம்பர் தூக்குப்போசி

1978-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27-ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி. வெயில் இருந்தது. ஆனால் அதைவிடப் பலமாக ஆடிக் காற்று அடித்து, நாமக்கல் புழுதியில் பாதியை எங்கள் ஜீப்புக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்கூட நான் என்னை ஒரு கெட்டிக்காரன் என்று நம்பியிருந்தேன். பதினொன்றரைக்கு அந்த நம்பிக்கை போனது. இன்றுவரை திரும்பி வரவில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஏழைகளுக்கு அரசாங்க மானியத்திலும் கடனிலும் வீடு கட்டிக் கொடுத்தார்கள். வீடு கட்டி, சாவியைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் போன பிறகு எங்கள் அலுவலகத்தின் வேலை ஆரம்பிக்கும். பத்து வருஷத்துக்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. வாங்கியவரே குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடக் கூடாது, விற்கக் கூடாது, வீட்டில் ஆடு மாடு கட்டக் கூடாது. மீறினால் வீடு பறிபோகும். மீறுகிறார்களா என்று பார்க்கிற கள ஆய்வாளர் நான். வயது இருபத்தாறு, தகுதிகாண் பருவம், மீசை சரியாக முளைக்காத முகத்தில் அதிகாரம் மட்டும் நன்றாக முளைத்திருந்தது.

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன், பந்தியில் உட்கார்ந்தால் வடையை எண்ணுவேன். கல்யாணமான மூன்றாம் வாரமே சிவப்பு பெயின்ட் வாங்கி, வீட்டிலிருந்த டப்பா, போசி எல்லாவற்றுக்கும் ஒன்று முதல் பதினான்கு வரை நம்பர் போட்டுவிட்டேன். (பாத்திரம் தொலைந்தால் உடனே தெரியும் என்பது என் வாதம். தொலைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு என்பது என் மனைவி சரோஜாவின் வாதம்.)

சரோஜா ஆத்தூர்ப் பெண். வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். மாமனார் கடிதம் போட்டார். நான் போகவர பஸ் காசு, கூடவே ஒரு மாதம் எனக்கு ஓட்டல் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, "இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்கறா?" என்று பகுத்தறிவு பேசி நிறுத்திவிட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, எடுத்து வைத்திருந்த பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினாள். அன்றே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமை சேலத்திலிருந்து எங்கள் மேலதிகாரி தணிகாசலம் ஆய்வுக்கு வந்திருந்தார். குறைவாகப் பேசி நிறையப் பார்க்கிற மனிதர். என் தகுதிகாண் பருவம் முடிகிறதா நீள்கிறதா என்பது அவர் கையெழுத்தில் இருந்தது. ஆகவே ஜீப்பில் ஏறியதிலிருந்து என் திறமையை அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன்.

"ஆய்வுன்னு தெரிஞ்சா வாடகைக்கு இருக்கறவங்க எல்லாம் ஒரே நாள்ல சொந்தக்காரங்க ஆயிடுவாங்க சார். தம்பிம்பாங்க, மச்சான்ம்பாங்க. நான் மூணே மூணு கேள்வி கேப்பேன். மாட்டிக்குவாங்க."

"அப்படியா" என்றார்.

முதல் வீட்டிலேயே அதை நிரூபித்தேன். வீட்டுக்காரரின் தம்பி என்று சொல்லிக்கொண்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் "உங்க குலதெய்வம் எது?" என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்து அதிலிருந்த சாமியின் பெயரைச் சொன்னார். மாட்டிக்கொண்டார். இரண்டாவது வீட்டில் உண்மையான சொந்தக்காரரே இருந்தார். அவரையும் விடாமல் கால் மணி நேரம் குடைந்து, அவருக்கே அது தன் வீடுதானா என்று சந்தேகம் வரச் செய்த பிறகுதான் வெளியே வந்தேன்.

"அடுத்தது கிழக்குத் திட்டம்" என்று தணிகாசலம் சார் டிரைவரிடம் சொன்னார். எனக்கு அந்தப் பகுதி புதிது. அதுவரை என்னை ராசிபுரம் பக்கத்துக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். ஜீப் ஒரு டீக்கடையைத் தாண்டித் திரும்பியது. தெரிந்த டீக்கடையாக இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு ஒரு முருங்கை மரம் வந்தது. அதுவும் தெரிந்த மரம். காலையில்தான் அதன் காய்களை எண்ணியிருந்தேன்.

அது என் வீதி. ஊர்க்காரர்கள் அதைக் கிணத்துமேடு என்பார்கள், அந்தப் பெயரைச் சொல்லித்தான் எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு வர்ணம் அடித்து, ஆளுக்கொரு கூரை இழுத்திருந்ததால் அது அரசாங்கம் கட்டின வீதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஜன்னல் இருப்பதை எண்ணியிருக்கிறேன். ஏன் என்று யோசித்ததில்லை.

என் வீட்டுக்காரர் பெரியண்ணனுக்கு மட்டும் நான் யார் என்று நன்றாகத் தெரியும். (பின்னாளில் கேட்டேன். "சோதன பண்ற ஆபீசரே குடியிருந்தாப் பொறவு ஆருங்க சோதன பண்ண வாரது?" என்றார். நியாயம்தான்.) அவர் பிழைப்பு இருபது மேச்சேரி ஆடுகள். ஆடுகளை வீட்டில் கட்டக் கூடாது என்று நிபந்தனை. கட்டாமல் விட்டால் பிழைப்பு இல்லை. ஆகவே அவரும் மனைவியும் ஊருக்கு வெளியே பட்டி போட்டு ஆடுகளோடு குடிசையில் இருந்தார்கள். வாடகைக்கு விட்ட வீட்டிலிருந்து வரும் பணம் வீட்டுக் கடனுக்குப் போனது. நாலாவது நிபந்தனையைக் காப்பாற்ற முதல் இரண்டையும் மீறியிருந்தார்.

ஜீப் என் வீட்டு வாசலில் நின்றது.

"இறங்குங்க" என்றார் தணிகாசலம் சார். வீடு போனால் பெரியண்ணன் தெருவுக்கு வருவார், வேலை போனால் நான் வருவேன். இரண்டு பேரும் சேர்ந்து ஆடு மேய்க்கலாம் என்று ஒரு யோசனை ஓடியது.

வாசலில் பெரியண்ணன் வேட்டியும் துண்டுமாக நின்றார். முதல் வீதியில் ஜீப் நுழைந்ததுமே செய்தி பட்டிக்குப் போய், ஓடி வந்திருக்கிறார், மேல்மூச்சு வாங்கியது. ஜீப்பிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்ததும் அந்த மூச்சும் நின்றது. ஆனால் ஒரே நொடிதான்.

"வாங்க சாமி, வாங்க. நம்ம ஊடுதானுங்க" என்றார்.

"இங்கதான் குடியிருக்கீங்களா?"

"ஆமாங்க. நானும் ஊட்டுக்காரியும். இப்ப மகளும் இருக்குதுங்க. ஆடிக்குக் கூட்டியாந்திருக்கறோம். அம்மிணி, தண்ணி கொண்டா சாமி."

உள்ளேயிருந்து சொம்போடு சரோஜா வந்தாள். என்னைப் பார்த்தாள். சொம்பு ஆடவில்லை. கண்கூட ஆடவில்லை. முதலில் அதிகாரிக்குக் கொடுத்துவிட்டு, அன்னியப் புருஷனுக்குக் கொடுப்பதுபோல் எனக்குத் தள்ளி வைத்தாள். (சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்கே அவள் யார் என்று சந்தேகம் வந்தது.)

"உங்க மூணு கேள்வியைக் கேளுங்க" என்றார் தணிகாசலம் சார் என்னிடம்.

"உங்க... உங்க வீட்டுக்காரர் பேரு என்னங்க?" என்றேன்.

"பேரெல்லாம் சொல்லமாட்டனுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டே மாதத்தில் இந்த ஊர்ப் பேச்சு முழுவதையும் கற்றிருந்தாள்.

"என்ன வேலை?"

"லாரிங்க. பம்பாய்க்குப் போயிருக்காரு. வரப் பத்து நாளாகுமுங்க."

மூன்றாவது கேள்வி எனக்கு வரவில்லை. அதைத் தணிகாசலம் சாரே கேட்டார். "மாப்பிள்ளை நல்லா வெச்சிருக்காராம்மா?"

அது தேவையில்லாத கேள்வி. ஆய்வுப் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

"என்னத்தச் சொல்றதுங்க" என்று ஆரம்பித்தாள் சரோஜா. "ஆளு மோசமில்லீங்க. ஆனா எதுக்கெடுத்தாலும் எண்ணுவாருங்க. தோசை எத்தனைன்னு எண்ணுவாரு. சிரிச்சாக்கூட எத்தன தரம் சிரிச்சேன்னு எண்ணுவாரோன்னு பயமா இருக்கும். ஆடிக்கு அனுப்பமாட்டேன்னுட்டாருங்க, பஸ் காசு ஆகும்னு. அப்பறம் எங்கப்பா போயித்தான் கூட்டியாந்தாரு."

பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படித்தானுங்க. வாச்ச மாப்ள அப்படி" என்றார், என்னைப் பாராமல்.

"பஸ் காசை எண்ணுறவனா" என்றார் தணிகாசலம் சார் யோசனையோடு. "பாவம் இந்தப் பொண்ணு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"பாவம்தான் சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

அதோடு போயிருக்கலாம். அவர் சமையலறை வாசலில் நின்று அலமாரியைப் பார்த்தார். சிவப்பு நம்பர்கள் வரிசையாகப் பளபளத்தன. ஒன்று, இரண்டு, மூன்று. மெதுவாக விரலை நகர்த்திக்கொண்டே போனார். ஆறு. அடுத்து எட்டு.

"ஏழு எங்கம்மா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதுங்களா" என்றாள் சரோஜா நிதானமாக. "அது லாரிக்குப் போயிருக்குங்க."

தணிகாசலம் சார் தலையாட்டினார். ஒன்றும் எழுதவில்லை. வெளியே வந்து ஜீப்பில் ஏறினோம். பிழைத்தேன் என்று நினைத்தேன். பெரியண்ணன் வாசலில் நின்று ஜீப்பைக் கும்பிட்டார். எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

ஒரு மணிக்கு ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தோம். காலையில் சரோஜா சோறு போட்டுக் கொடுத்த என் தூக்குப்போசி ஒரு துண்டுக்குள் இருந்தது. துண்டை அவிழ்க்காமல், மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் விலக்கி, பூனைக்குட்டியை ஒளித்து வைத்திருப்பவன் மாதிரி கையை உள்ளே விட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். காற்று சும்மா இருக்கவில்லை. ஆடிக் காற்று. துண்டு பறந்து புளியங்கிளையில் மாட்டிக்கொண்டது. மடியில் சிவப்பாக, பெரிதாக, ஏழு.

தணிகாசலம் சார் தன் எலுமிச்சஞ்சாதத்தை மென்று விழுங்கி முடித்தார். பிறகு கேட்டார்.

"பம்பாய் எப்படி இருக்கு?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். மடியிலிருந்த ஏழு உருண்டு போனது. தெரியாமல் நடந்தது என்றேன், தெரிந்திருந்தால் குடியேறியிருக்கமாட்டேன் என்றேன், பெரியண்ணனின் ஆடுகள் பற்றிச் சொன்னேன், வீட்டைப் பறித்துவிடாதீர்கள் என்றேன். வாயில் சோறு இருந்ததால் பாதி அவருக்குப் புரிந்திருக்காது.

"உக்காருங்க" என்றார். "அந்த வாத்தியாருக்கு என்ன நோட்டீஸோ அதேதான் உங்களுக்கும். முப்பது நாள்ல நீங்க காலி பண்ணணும், பெரியண்ணன் குடிவரணும். வந்துட்டா அவர் வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆடு எங்க இருக்கணும்னு விதியில இல்ல, வீட்ல இருக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. ராத்திரி பட்டியப் பாத்துக்க ஒரு பங்காளி கிடைக்கமாட்டானா? நோட்டீஸ நீங்களே எழுதுங்க. உங்களுக்கு நீங்களே."

"சரி சார்."

"உங்க தகுதிகாண் பருவம் ஆறு மாசம் நீளுது. தெரியாம இருந்ததுக்கு இல்ல. தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்காம 'பாவம்தான் சார்'னு நின்னீங்களே, அதுக்கு."

"சரி சார்."

"இன்னொண்ணு." இங்கேதான் அவர் என்னை வாழ்நாள் முழுவதும் மாட்டிவிட்டார். "அந்த மனுசன் ஒரு அதிகாரி முன்னால நின்னு மகள்னு சொல்லியிருக்கார். அந்தப் பொண்ணும் எங்கப்பான்னு சொல்லியிருக்கு. ஆய்வுல சொன்னது பொய்யாப் போச்சுன்னா நான் அதையும் எழுதணும். எனக்கு எழுத விருப்பமில்ல. அதனால அது உண்மையா இருக்கறதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க. முதல்ல அந்தப் பொண்ண ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்புங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, "ஆருங்க? ஊட்ல ஆம்பள இல்லீங்க, லாரிக்குப் போயிருக்காரு" என்று குரல் வந்தது. திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சிரித்து முடிக்க வேண்டுமில்லையா.

மறுநாளே அவளை ஆத்தூர் பஸ்ஸில் ஏற்றினேன். ஆடி முடியுமுன் மாட்டுவண்டி பிடித்து வேறு வீதிக்குக் குடிபோனேன். பெரியண்ணன் தன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். பட்டியை அவருடைய பங்காளி பார்த்துக்கொண்டார். பத்து வருஷம் கழிந்ததும் வீட்டுப் பத்திரம் அவர் கைக்கு வந்தது. கொடுத்தது நான்தான். வாங்கிக்கொண்டு, "மாப்ள கையால வாங்கறது ராசிங்க" என்று அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மேலதிகாரி சொன்னதை நான் அவரிடம் சொன்ன நாளிலிருந்து சரோஜா அவருக்கு மூத்த மகள், நான் மூத்த மாப்பிள்ளை. அவர் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, எது நடந்தாலும் பத்திரிகை முதலில் எங்களுக்கு வரும். போனால் மொய் எழுதுகிறவர் என் பெயரைக் கேட்கமாட்டார், "லாரி மாப்ள" என்றே எழுதிக்கொள்வார். என் பேரன்கூட நான் வெளியூர் போனால் பம்பாயிலிருந்து என்ன வாங்கி வருவேன் என்று கேட்கிறான். நான் இன்றுவரை பம்பாயைப் பார்த்ததில்லை.

எங்கள் மகளின் சீருக்கும், எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கும் பெரியண்ணன் செய்தது என்ன என்று ஒருமுறை கூட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். சரோஜா பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். "அத மட்டும் எண்ணக் கூடாது" என்றாள். ஆகவே எண்ணவில்லை.

என் பக்கத்தை எண்ணத் தடையில்லை. மாட்டுவண்டிக் கூலி பன்னிரண்டு, ஆத்தூருக்குப் பஸ் காசு போகவரப் பத்தொன்பது (மாமியாருக்கு வாங்கிய பழம் உட்பட), தகுதிகாண் பருவம் நீண்டதில் போன சம்பள உயர்வு அறுபது, ஆறு விசேஷங்களுக்கு மொய் இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு. ஆக மொத்தம், அந்த ஒரு வியாழக்கிழமைக்கு, இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய்.