சுழற்பந்து வீரருக்கு நான் அளித்த பேட்டி

கிரிக்கெட் வீரரை நேரில் பார்க்கிற ரசிகர் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுவார். நீங்கள் அந்த விக்கெட்டை எடுத்தபோது நான் மாமனார் வீட்டில் இருந்தேன், கரண்ட் போய்விட்டது, ஓடிப்போய் எதிர் வீட்டில் பார்த்தேன் என்று ஆரம்பிப்பார். வீரர் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். தன் வாழ்க்கையின் பெரிய நாளில் யாரோ ஒருவருடைய மாமனார் வீட்டில் எத்தனை மணிக்கு மின்சாரம் போனது என்பதை அவர் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இருபது வருடமாகப் பத்திரிகையில் இருப்பவன் என்ற முறையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவர்களிலேயே மிக மோசமாக நடந்துகொண்டவன் நான்தான்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, கொல்கத்தாவில் ஓர் ஆங்கில நாளிதழின் நகரப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குடிநீர்க் குழாய் உடைந்தால் என்னை அனுப்புவார்கள். மேம்பாலத்தில் விரிசல் விட்டால் என்னை அனுப்புவார்கள். விளையாட்டுப் பக்கத்துக்கு மாற்றுங்கள் என்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். விளையாட்டு ஆசிரியர் தீபங்கர்தா ஒவ்வொரு முறையும் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். (எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் எல்லோருமே 'தா', அதாவது அண்ணன். திட்டும்போதும் 'தா'தான்.)

அந்த ஏப்ரலில் அவர் பிரிவில் ஓர் இடம் காலியானது. இருபது ஓவர் போட்டிக்காக வெளியூர் அணி ஒன்று வந்திருந்தது. அதில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். எந்த நிருபர் என்ன கேட்டாலும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார் என்று பெயர். தீபங்கர்தா என்னைக் கூப்பிட்டார். உன் மொழியில் பேசினால் ஒருவேளை வாயைத் திறப்பான், பதினைந்து நிமிடம் வாங்கியிருக்கிறேன், நல்லதாக ஒன்று கொண்டு வா, காலியிடத்துக்கு உன் பெயரைத்தான் சொல்வேன் என்றார்.

நான் தீபங்கர்தாவிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. நானும் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளன்தான்.

(சிரிக்க வேண்டாம்.) பெஹாலாவில் எங்கள் தெரு கிளப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்போதும் பந்து போட்டுக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதில் கொல்கத்தா மைதானத்தில் கூடாரம் போட்டிருக்கும் பெரிய கிளப் ஒன்றின் தேர்வுக்குப் போனேன். ஆறு பந்து போடச் சொன்னார்கள். ஐந்து நேராகப் போயின. ஒன்று திரும்பியது. தேர்வாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். கடிதம் வரும் என்றார்கள். வரவில்லை. அந்த வருடமே அப்பா படுத்துவிட்டார். படிப்பை முடித்து வேலைக்கு வந்தேன். தேர்வுக்குப் போன அந்த வருடம்தான் என்னைவிட இரண்டு வயது மூத்த இந்த மனிதர் தொலைக்காட்சியில் தோன்ற ஆரம்பித்தார். பதினைந்து வருடமாக அவர் பந்து போடும்போதெல்லாம் வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் கையிலிருந்து கிளம்பினால் நேராகப் போகிற பந்து, அவர் கையிலிருந்து கிளம்பினால் மட்டும் ஏன் யாரோ கூப்பிட்டதுபோல நடுவழியில் தயங்கிக் கீழே இறங்குகிறது? எனக்கு அது தெரிய வேண்டும். மாமனார் வீட்டுக் கரண்டைவிட இது உயர்ந்த விஷயம் என்று அப்போது நம்பினேன்.

பதினான்கு கேள்விகள் எழுதிக்கொண்டு அலிப்பூர் பக்கத்து ஓட்டலுக்கு மாலை நான்கு மணிக்குப் போனேன்.

அவர் வரவேற்புக் கூடத்தில் ஒரு குடும்பத்துடன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் தெரிவதைவிட அரை அடி குறைவான உயரம். காலில் ஓட்டல்காரர்கள் தரும் வெள்ளைத் துணிச் செருப்பு. இடது தோளில் ஐஸ் பையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டியிருந்தார். மேலே போட்டிருந்த சட்டையின் தோள் நனைந்திருந்தது. கேமராவைத் தூக்கியதும் சிரிப்பு வந்தது, இறக்கியதும் போனது. குளிர்சாதனப் பெட்டிக்குள் எரியும் விளக்கு மாதிரி. அந்தக் குடும்பத்தின் தலைவர் விடைபெறும்போது, போன மாதம் நீங்கள் ஒரு கேட்ச் விட்டீர்களே என்றார். ஆமாம், விட்டுவிட்டேன் என்று இவர் ஒப்புக்கொண்டார். வருத்தமோ கோபமோ இல்லை. விலாசம் கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார்.

மூலையில் உட்கார்ந்தோம். செல்பேசியில் பதிவை ஓடவிட்டு மேஜைமேல் வைத்தேன். வணக்கம் சொன்னேன். தமிழைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. முதல் கேள்வியை எடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க எந்த ஊருங்க?"

தமிழ்நாட்டில் இது சாதாரணக் கேள்வி. திருச்சி, விருதுநகர் என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு மேலே போகலாம். கொல்கத்தாத் தமிழனிடம் மட்டும் இதைக் கேட்கக் கூடாது. எங்களிடம் ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. பெஹாலா என்றால், அது சரி, சொந்த ஊர் எது என்பார்கள். அம்பாசமுத்திரம் என்றால், அங்கே எந்தத் தெரு என்பார்கள். தெரியாது. நான் அங்கே இரண்டு முறைதான் போயிருக்கிறேன், இரண்டும் கல்யாணம். எனவே கொள்ளுத் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்குக் கணக்கு எழுத வந்ததைச் சொன்னேன். தாத்தாவின் வங்கி உத்தியோகத்தைச் சொன்னேன். அப்பா ரயில்வேயில் சேர்ந்து சாந்த்ராகாச்சிக் குடியிருப்பில் இருந்ததைச் சொன்னேன். ஷண்டிங் என்ஜின் வரும்போது மட்டும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அங்கே நாங்கள் கிரிக்கெட் ஆடியதைச் சொன்னேன். பெஹாலாவுக்கு வந்து சேர நான்கு நிமிடம் ஆகிவிட்டது. பதிவில் அளந்து பார்த்திருக்கிறேன்.

அவர் குறுக்கிடவில்லை. தேநீரில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டார். வெகுநாள் கழித்து வீட்டுக்குப் போனவர் சமையலறையில் நடக்கும் பேச்சைக் கேட்பதுபோல இருந்தது. பிறகு என் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் காய்ப்பு இருந்தது.

"பந்து போடுவீங்களா?"

அத்துடன் பத்திரிகைத் தொழில் என்னைவிட்டுப் போய்விட்டது. ஞாயிறு ஆட்டம், தேர்வு, ஆறு பந்து எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பிய அந்த ஒரு பந்தை மட்டும் விசேஷமாக, காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதோடு சேர்த்து விவரித்தேன். நடுவில் அவர், "அப்புறம்?" என்று ஒரு முறை கேட்டார். அது மரியாதைக்குக் கேட்பது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது ஆணை.

பழத்தட்டிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து என் கையில் வைத்தார். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"நடுவிரல் சும்மாவே இருக்குது பாருங்க. எல்லாத்தையும் ஆள்காட்டி விரல் தலையில கட்டிட்டீங்க. இவனுக்கும் கொஞ்சம் வேலை குடுங்க."

பதினைந்து வருடக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. நான் சாத்துக்குடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதன் பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். 'தோள்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. உடனே என் தோள் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அணியின் ஆள் வந்து நேரம் முடிந்துவிட்டது என்றபோது நான் வைத்தியர் சொன்ன எண்ணெய் வரை வந்திருந்தேன். அவர் எழுந்து கைகொடுத்தார். பழத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார். பதினான்கு கேள்விகளும் மடித்தபடி என் சட்டைப் பையில் இருந்தன.

அலுவலகத்தில் பதிவைப் போட்டேன். ஒரு குரல்தான் பேசிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கீச்சென்று, தன்மேல் மிகுந்த அக்கறையோடு இருந்த அந்தக் குரல் என்னுடையது என்று புரிய அரை நிமிடம் பிடித்தது. பெஹாலாவைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். மனிதனுக்குத் தன் குரலைக் கேட்க ஓர் அளவு உண்டு. சொல்லாததைச் சொன்னதாக எழுதக் கூடாது என்ற ஒழுக்கம் மட்டும் மிச்சம் இருந்ததால், வீரர் இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தார், தோளில் ஐஸ் வைத்திருந்தார், தமிழில் பேசினால் முகம் மலர்கிறார் என்று ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். தீபங்கர்தா படித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் இதைத்தான் கண்டுபிடித்தாயா என்று கேட்டார். அந்த முறை தேநீர் வாங்கித் தரவில்லை. காலியிடத்துக்கு ஒரு பெண் வந்தாள். நன்றாக எழுதினாள் என்பது கூடுதல் துக்கம்.

எட்டு நாள் கழித்து அந்த வீரர் தன் ஊரில் ஓய்வை அறிவித்தார். எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். தீபங்கர்தா என் மேஜைக்கு வந்து, அன்றைக்கு ஏதாவது கோடி காட்டினாரா என்று கேட்டார். ஒன்றுமே சொல்லவில்லை தீபங்கர்தா என்றேன். அதை நான் உண்மை என்றே நம்பினேன்.

அன்று மாலை வீட்டில், சமையல் மேடையில் செல்பேசியை வைத்துப் பதிவை முழுக்க ஓடவிட்டேன். என் மனைவி மாலதி பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு திருச்சியிலிருந்து வந்தவள். இந்தக் கொள்ளுத் தாத்தா கதையை அவளும் முதலிரவில் கேட்டவள்தான். அதனால் அந்த நான்கு நிமிடம் அலட்சியமாக இருந்தாள். பதினோராவது நிமிடத்தில் அவருடைய குரல் வந்தது.

"எனக்குத் தோள் போயிருச்சுங்க. இந்த சீசனோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன். வீட்ல கூட இன்னும் சொல்லல."

பிறகு ஒரு சின்ன இடைவெளி. தூரத்தில் கரண்டி விழும் சத்தம். அதன் பிறகு உற்சாகமாக நான்: "எனக்கும் அதே தோள்தாங்க! மழைக்காலம் வந்தாப் போதும்…"

மாலதி பட்டாணியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, மனுஷன் ரிட்டயர் ஆகப் போறேன்னு சொல்றாரு. நீங்க எண்ணெய் விக்கிறீங்க."

திரும்பவும் போட்டுக் கேட்டோம். அவள் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அவளாகவே நிறுத்திக்கொண்டு, "பாவங்க, யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்திருக்கு" என்றாள்.

விளையாட்டுப் பக்கத்து இடம் கைநழுவியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நொடிதான் இருக்கும். அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நிருபரிடமோ ரசிகரிடமோ அவர் அதைச் சொல்லவில்லை. தன் வேலையைத் தெரிந்த ஒருவனிடம், வீட்டு மொழியில், வீட்டுக்கே சொல்லாததைச் சொல்லிவிட்டு இரண்டு நொடி காத்திருந்தார். அதை எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். சும்மா உட்கார்ந்து கேட்டிருப்பேன். நான் விரும்பியதும் அதுதான், பதினைந்து வருடமாக.

தீபங்கர்தாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை. (நல்லவேளை, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.) நடுவிரலுக்கு வேலை கொடுத்துப் பார்த்தேன். பந்து இப்போது நாலில் ஒன்று இறங்குகிறது. நாற்பத்து மூன்று வயதில் பெஹாலாவில் அதைப் பார்ப்பதற்கு எந்தத் தேர்வாளரும் வருவதில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. நான் பேச ஆரம்பித்து நிறுத்த மறந்துபோகும்போதெல்லாம் மாலதி அமைதியாக, "நான் ரிட்டயர் ஆகப் போறேன்" என்பாள். தமிழைவிட வங்காளத்தை நன்றாகப் பேசும் என் மகளும் இந்த ஒரு வாக்கியத்தைச் சுத்தத் தமிழ் உச்சரிப்பில் சொல்லுவாள். அதைக் கேட்டதும் எந்த இடத்தில் இருந்தாலும் நான் வாயை மூடிவிட வேண்டும் என்பது விதி. மூடிவிடுகிறேன். இரண்டு நொடி காத்திருக்கிறேன். பிறகு, அன்று அந்த ஓட்டலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கிறேன்: "ஏன், என்ன ஆச்சு?"

பதில் பெரும்பாலும், கேஸ் தீர்ந்துவிட்டது என்பதாகத்தான் இருக்கிறது.