பத்தாவது வாக்கியத்தை அவளிடம் சொல்லிவிடுங்கள்

திண்டுக்கல்,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் பாஸ்கல் அவர்களுக்கு ராயப்பராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் தங்கள் தங்கை ரோஸ்மேரியும் தனித்தனியாக நலம். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

மகள் நான்சி எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டதிலிருந்து பேகம்பூரில் ஃபாயிஸா டீச்சரிடம் இங்கிலீஷ் படிக்கிறேன் அல்லவா, போன வாரம் 'புட் அப் வித்' நடத்தினார். பிடிக்காததைப் பொறுத்துக்கொண்டு போவது என்று அர்த்தம். 'வித்'துக்குப் பின்னால் ஓர் ஆளோ விஷயமோ வந்தே ஆகவேண்டுமாம். வீட்டில் நடப்பதை வைத்தே பத்து வாக்கியம் எழுதச் சொன்னார், என் வீட்டில் இருப்பது ஒரே ஆள், நான் என்ன செய்வேன்? அவள் சீரியல் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறேன், கருவாட்டுக் குழம்பின் உப்பைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று ஒன்பது எழுதினேன். நான்காவது தங்களைப் பற்றியது, அதை நேரில் சொல்கிறேன். திருத்திய நோட்டைக் கொடுக்க டீச்சர் வீட்டுக்கு வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன், இவள் வாங்கிப் பார்த்திருக்கிறாள். அப்போது நடந்த பேச்சை டீச்சர் பிறகு என்னிடம் சொன்னார்.

"எம் பேரு எதுக்கும்மா இம்புட்டுத் தடவ வருது?"

"சார் கிராமர்ல ஒரு தப்புகூட இல்ல ஆன்ட்டி."

"கிராமர் கெடக்கட்டும். அர்த்தத்தச் சொல்லு தாயி."

அன்றிலிருந்து ஐந்து நாளாக என்னோடு பேச்சில்லை. குக்கரைப் பார்த்து, "பொறுத்துக்கிறவுக வந்து சாப்புடலாம்" என்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். பத்தாவது வாக்கியம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. 'ரோஸ்மேரி இல்லாத வீட்டை ஒரு நாள்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.' அதை அவள் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் தமிழில் சொன்னதில்லை, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் சாணார்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, தாங்களே சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். தேவமாதா தங்கள் குடும்பத்தைக் காக்கட்டும், என்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை,
ராயப்பராஜ்.

பி.கு.: அண்ணே, ரோஸ்மேரி எழுதுறேன். இந்த வீட்டுல கவர் ஒட்டுறது நாந்தான்னு அவருக்கு மறந்துபோச்சு. பத்தாவதையும் ஃபாயிஸா அன்னைக்கே படிச்சுக் காட்டிருச்சு, அத அவருகிட்ட சொல்லிறாதன்னு நாந்தான் சொல்லிவச்சேன். ஒரு தடவயாச்சும் வாயத் தொறந்து தமிழ்ல சொல்லட்டும்னுதான் பேசாம இருக்கேன். நீங்க வந்து காரியத்தக் கெடுத்துறாதீங்க. அவரு சொன்னதுக்கப்பறம் வாங்க, கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். உப்பக் கொறச்சே போடுறேன்.