லமினேற் செய்த கிளினிக் அட்டை

முக்கியமான தாளைக் கண்டால் எனக்கு வாசிக்கத் தோன்றாது, பிளாஸ்டிக் ஒட்டி லமினேற் செய்யத்தான் தோன்றும். இது ஒரு வியாதி என்று இப்போது தெரிகிறது. அப்போது பொறுப்பு என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுச் சூட்கேஸுக்கும் இதில் பங்குண்டு. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அப்பா அதைத்தான் தலையில் சுமந்து போனார். காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். உள்ளே போன தாள் எதுவும் தொலைந்ததில்லை. (வெளியே வந்ததும் இல்லை.) போதாக்குறைக்கு நான் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞனாக வேறு சேர்ந்துவிட்டேன்.

அப்பா நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்தவர். வேறு எதற்கோ எடுத்த ஸ்கானில், வயிற்றுக்குள் ஓடும் பெரிய இரத்தக்குழாய் ஒரு இடத்தில் ஊதிப்போயிருப்பது தெரிந்தது. வெடித்தால் ஆள் தப்பாது. கொழும்புக்குக் கொண்டு ஓடினோம். அங்கே வயிற்றை வெட்டவில்லை. இரண்டு கவட்டிலும் சின்னத் துளை போட்டு, அதன் வழியே துணிக்குழாய் ஒன்றை அனுப்பி, ஊதிய இடத்துக்குள் விரித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அப்பா எழும்பி நடந்தார்.

ஊருக்கு வந்த பிறகுதான் தொல்லை. சுகம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் காயம் பார்க்க வேண்டும். அயல்வீட்டு மாமி தோடம்பழப் பையை வைத்துவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தா.

"எங்கை வெட்டினவை?"

அப்பா இடுப்புச் சாரத்தை இறுக்கிப் பிடித்தார். (காட்டக்கூடிய இடமா அது?)

"வெட்டாமல் உதென்ன ஒப்பரேசன்?" என்றா மாமி.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "மாமி, உது இப்பத்தை முறை. ஒருக்காப் பூட்டினால் சீவியத்துக்கும் பயமில்லை" என்றேன்.

எந்த டொக்டரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே நம்பிவிட்டேன்.

கொழும்பில் ஒரு கிளினிக் அட்டை தந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே வெறும் கட்டங்கள். அழகான அட்டை. அடுத்த நாளே இரண்டு பக்கமும் லமினேற் செய்து, காணி உறுதிக்குக் கீழே வைத்துச் சூட்கேஸைப் பூட்டினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலு வருடம் போனது. அப்பாவுக்கு முதுகின் கீழே நாரி நோகத் தொடங்கியது. "வாழைக்குலை தூக்கினது" என்றார். எண்ணெய் பூசினோம். நோ குறையாததால் இங்கேயே ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஸ்கானைப் பார்த்த இளம் பெண் டொக்டரின் முகம் மாறியது.

"ஒப்பரேசனுக்குப் பிறகு வருசா வருசம் ஸ்கான் எடுத்தனீங்களோ?"

"எல்லாம் பத்திரமா இருக்கு டொக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அட்டையை நீட்டினேன்.

அவ அதில் திகதி எழுதப் பார்த்தா. பேனா வழுக்கியது. இன்னொரு பேனா எடுத்தா. அதுவும் வழுக்கியது. பிறகு அட்டையை என் பக்கம் திருப்பினா.

"உதிலை என்ன எழுதிக்கிடக்கு? வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, முதன்முறையாக. ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கான் எடுக்க வேண்டும். உயிர் உள்ளவரை. கட்டங்கள் அதற்குத்தான்.

"குழாய்க்கு வெளியாலை இரத்தம் கசிஞ்சு வீக்கம் முந்தினதிலும் பெருத்திட்டுது. நேரத்தோடை வந்திருந்தால் அந்தத் துளையாலையே அடைச்சிருக்கலாம். இனி வயித்தைத் திறக்கவேணும்."

அப்பாதான் எனக்காகக் கதைத்தார்.

"அவனை ஏசாதேங்கோ பிள்ளை. அவனுக்கு எழுதத்தான் சம்பளம், வாசிக்கிறதுக்கு இல்லை."

நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை வெட்டினார்கள். பிழைத்தார். இம்முறை மாமிக்குப் பரம திருப்தி. "இதெல்லோ ஒப்பரேசன்" என்றா. ஆனால் அப்பாவின் சிறுநீரகம் களைத்துவிட்டது. தோட்டத்து வரம்பு வரை போய்த் திரும்பி வருவார், குலையைத் தொடமாட்டார். ஒன்றரை வருடத்தில் போய்விட்டார். வயது போன மனிதர்தானே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை. குற்றம் என்னுடையது, எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் படம் செய்ய ஸ்ரூடியோக்காரர் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, ஐயான்ரை படத்துக்குக் கண்ணாடி போடுறதோ, லமினேற் பண்ணுறதோ?"

வீடு முழுக்க என்னைப் பார்த்தது. மூலையில் இருந்த அம்மா தலை நிமிர்த்தினா.

"உவனைக் கேளாதேங்கோ தம்பி. பத்திரமாய் வைச்சுப்போடுவான்."

சொல்லிவிட்டு அவவே முதலில் சிரித்தா. சிரித்து முடிக்கவில்லை, அழுதா.

இன்றைக்கும் என் மகள் பள்ளிக்கூடத்துக் கடிதம் எதையும் என் கையில் தருவதில்லை. "அப்பா பத்திரமாய் வைச்சுப்போடுவார்" என்று தாயிடம் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன்.

அட்டை இன்னும் சூட்கேஸில்தான் இருக்கிறது. ஒரு மடிப்புக்கூட விழவில்லை.