சப்பாத்துகள் காணாமற்போன வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு முதலாவது சப்பாத்து காணாமற்போனது. பாடசாலை அலுவலகத்தில் லிகிதராக இருக்கும் சுகந்தி, அதை வாங்கி மேசையில் வைத்தபோது சுவர் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் நேரம் இவ்வளவு திட்டமாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் நான் பிரார்த்தனை மண்டபத்தின் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு ஒன்றும் பிழையாகிப்போகக் கூடாது என்று ஆண்டவனை வேண்டிக்கொண்டிருந்தேன். (ஆண்டவனுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும்.)

நான் இயல்பிலேயே பயந்த ஆள். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற இனம். அப்படிப்பட்ட நான் ஒரு முழுப் பாடசாலையின் நடத்தையைத் திருத்தும் பொறுப்பை ஏற்றதற்குக் காரணம் என் மகள் ஆரணி.

ஆரணி ஏழாம் வகுப்பு. வருடத் தொடக்கத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல் போனதற்காக, ஒழுக்கத்துக்குப் பொறுப்பான சிவபாலன் மாஸ்ரர் அவளுடைய உள்ளங்கையில் பிரம்பால் அடித்தார். கைச் சிவப்பு அன்று மாலையே மறைந்துவிட்டது. ஆனால் மறுநாளிலிருந்து ஒவ்வொரு காலையும் அவளுக்கு வயிற்று வலி. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். டொக்டரிடம் காட்டினேன். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். வகுப்பில் கேள்வி கேட்டால்கூட அவள் வாய் திறப்பதில்லை என்று வகுப்பு ரீச்சர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது.

சண்டை பிடிப்பதற்காகத்தான் அதிபரிடம் போனேன். வழியெல்லாம் வசனங்களை ஒத்திகை பார்த்தேன். அதிபரின் கதவைத் தட்டியதும் சண்டை வேண்டுகோளாக மாறியது. கதிரையில் உட்கார்ந்ததும் அது தொண்டாக மாறியது. "பிரம்பில்லாமல் பிள்ளையளை ஊக்கப்படுத்தி நடத்துற திட்டம் ஒண்டு தொடங்கச் சொல்லிக் கல்வி வலயத்தாலை சொல்லியிருக்கினம். செய்ய ஆளில்லை. நீங்கள் பெற்றோர் சங்கச் செயலாளர்தானே, நீங்களே ஒருங்கிணையுங்கோ" என்றார் அதிபர். நான் தலையாட்டினேன். (எனக்குத் தலையாட்டத்தான் தெரியும்.)

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் நடந்த பயிற்சிக்குப் போய்க் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தேன். சிவபாலன் மாஸ்ரர் கெட்டவர் அல்லர். தன் பிரம்பை என் கண்முன்னாலேயே அலுவலக அலுமாரிக்கு மேலே வைத்தார். "மிஸிஸ் குகதாசன், ஒரு தவணைக்கு, மூண்டு மாதத்துக்கு, நான் உந்தப் பிரம்பைத் தொடமாட்டன். கடைசியிலை வலயத்திலை இருந்து பிரதிப் பணிப்பாளர் வந்து பாத்து, சரியெண்டால் சரி. பிழைச்சுதெண்டால் நான் என்ரை வழியிலை நடத்துவன்" என்றார். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. பிரம்பின் நுனி மட்டும் அலுமாரி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திட்டம் எளிது. நல்ல காரியம் செய்கிற பிள்ளைக்கு ஒரு பச்சைச் சீட்டு. குப்பை பொறுக்கினால் சீட்டு, சண்டையை விலக்கினால் சீட்டு, கண்டெடுத்த பொருளை அலுவலகத்தில் ஒப்படைத்தால் சீட்டு. தவணை முடிவில் அதிகச் சீட்டு வைத்திருக்கும் வகுப்புக்கு யாழ்ப்பாணம் ரவுணில் ஐஸ்கிறீம். இதையெல்லாம் பெரிய பலகையில் என் கையாலேயே எழுதி அலுவலகச் சுவரில் மாட்டினேன்.

முதல் இரண்டு கிழமையும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடசாலை வளவு முழுதும் பளிச்சென்று இருந்தது. பிறகுதான் சில பிள்ளைகள் வீட்டிலிருந்தே கடதாசியைக் கிழித்துப் பையில் கொண்டுவருவதைக் கவனித்தேன். காலையில் ஒருவன் கொட்டுவான், இன்னொருவன் பொறுக்குவான். சண்டைகளும் ஒழுங்காக நடந்தன. இடைவேளையில் மணியடித்ததும் இருவர் சண்டை பிடிப்பார்கள். மூன்றாமவன் ஓடிவந்து விலக்குவான். அடுத்த நாள் விலக்கினவனின் முறை, அடிபடுவதற்கு.

இதை வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "நீர் நல்ல நடத்தைக்குச் சந்தை திறந்து வைச்சிருக்கிறீர். இனி யாவாரம்தானே நடக்கும்?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி. அங்கை பிரம்பு காத்துக்கொண்டு கிடக்கு" என்றேன்.

அதிகம் யோசித்ததன் பலனாக நான் மேலும் இரண்டு விதிகளைச் சேர்த்தேன். முதலாவது: பிந்தி வருகிற பிள்ளைகள், வகுப்புக்குள் போகுமுன் ஒரு நல்ல காரியமாவது செய்து சீட்டுக் காட்ட வேண்டும். (முன்பு இவர்களுக்குத்தான் பிரம்பு.) இரண்டாவது, எது தொலைந்த பொருள் என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்டதால் எழுதியது: 'உரிமையாளர் அருகில் இல்லாத பொருள், தொலைந்த பொருள்.' எழுதிவிட்டுத் தள்ளி நின்று படித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது.

இனி, பிரதிப் பணிப்பாளர் திட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்த அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் பாடசாலையில் வெள்ளிக்கிழமைகளில் பிரார்த்தனை கொஞ்சம் நீளம். தேவாரம், புராணம், பிறகு ஒரு பிள்ளையின் நற்சிந்தனை. எல்லோரும் சப்பாத்தை மண்டபத்துக்கு வெளியே படியோரம் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பஞ்சபுராணம் பாடத் தொடங்கிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். பிந்தி வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும்.

பிரதிப் பணிப்பாளர் நேரத்துக்கே வந்துவிட்டார். நெடிய ஆள், பெரிய பாதம். பளபளவென்ற கறுப்புச் சப்பாத்தைப் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்துகளுக்கு நடுவில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் அவருக்கு முன்னமே போயாக வேண்டும் என்ற பதற்றத்தில் ஆரணியைக் கணவரின் மோட்டார் சைக்கிளில் வரச் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தேன். அவர்கள் திருநெல்வேலிச் சந்தையடி நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே கதவு சாத்தியபோது வெளியே நின்ற பத்துப் பதினைந்து பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி.

அவர்களின் நிலையை இப்போது நினைத்துப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நல்ல காரியம் ஒன்று செய்யாமல் வகுப்புக்குப் போக முடியாது. வளவில் ஒரு குப்பை கிடையாது. சண்டை பிடித்தாலோ சத்தம் உள்ளே தேவாரம் பாடுகிறவர்களுக்குக் கேட்டுவிடும். கண்ணுக்கு முன்னால் இருப்பவையோ, உரிமையாளர் அருகில் இல்லாத ஒரு முழுப் பாடசாலையின் சப்பாத்துகள்.

பிரார்த்தனை முடிந்து கதவு திறந்தது. நான் பணிப்பாளரிடம் ஒழுக்கம் என்பது உள்ளிருந்து வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். படிகள் மட்டும் இருந்தன.

"இஞ்சைதானே கழட்டி வைச்சனான்?" என்றார் பணிப்பாளர், மெதுவாக.

அப்போதுதான் மைதானத்துக்குக் குறுக்கே அலுவலகப் பக்கம் ஓடுகிற பிள்ளைகளைக் கண்டேன். கடைசியாக ஓடியவள், பெரிய கறுப்புச் சப்பாத்து ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி ஓடினாள். அது ஆரணி. இந்தப் பாடசாலைக்குள் அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம். சந்தோஷப்படுவதா மயங்கி விழுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

அலுவலகத்தில் சப்பாத்துகள் மேசை உயரத்துக்குக் குவிந்திருந்தன. போதாததற்கு நிலத்தில் சில சாக்குகள் வேறு. சுகந்தி வியர்த்து நின்றாள்.

"நல்ல காலம் வந்தீங்கள் அக்கா. சீட்டு முடிஞ்சு போச்சு!"

"சுகந்தி, உதெல்லாம் சப்பாத்து!"

"ஓம் அக்கா. நானும் யோசிச்சனான், இண்டைக்கென்ன எல்லாரும் சப்பாத்தையே துலைச்சிருக்கினம் எண்டு."

"ஒரு சோடிக்கு ஒரு சீட்டெண்டாலும் இவ்வளவு சீட்டு முடியாதே?"

"சோடி எண்டு நீங்கள் சொல்லேல்லையே. ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு எண்டுதானே சொன்னீங்கள்." அதனால் பிள்ளைகள் சோடிகளைக் கவனமாகப் பிரித்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

சிவபாலன் மாஸ்ரர் வெறுங்காலோடு உள்ளே வந்தார். குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி அலுமாரிக்கு மேலிருந்து பிரம்பை எடுத்தார்.

"ஆர் இதைத் தொடங்கினது?"

பிந்தி வந்த பிள்ளைகள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"நான்தான், சேர்."

அந்தக் குரல் யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஆரணி முன்னுக்கு வந்து நின்றாள். சுவரை நோக்கிக் கையை நீட்டினாள். "உரிமையாளர் பக்கத்திலை இல்லாட்டில் அது தொலைஞ்ச பொருளெண்டு அந்தப் பலகையிலை எழுதிக் கிடக்கு, சேர்."

மாஸ்ரர் பலகையை முழுதாகப் படித்தார். "உது ஆர் எழுதினது?"

"அம்மா, சேர்."

பிரம்பு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

வாசலில் பணிப்பாளர் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். மற்றக் காலின் சொக்ஸில் குத்தியிருந்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "மாஸ்ரர், விசாரணையைப் பிறகு வைப்பம். முதலிலை என்ரை மற்றச் சப்பாத்தைத் தேடுங்கோ. எனக்குக் கூட்டத்துக்குப் போகவேணும்."

அன்று முற்பகல் பாடம் எதுவும் நடக்கவில்லை. முழுப் பாடசாலையும் வெறுங்காலோடு மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்தது. சிவபாலன் மாஸ்ரர் பிரம்பின் நுனியால் சாக்குக்குள்ளிருந்து சப்பாத்துகளை ஒவ்வொன்றாகக் கொழுவி எடுத்தார். (சிலவற்றைக் கையால் தொட முடியாது.) ஆரணி பக்கத்தில் நின்று அளவு பார்த்தாள்.

"நாலாம் நம்பர், இடது!" என்று கத்தினார் மாஸ்ரர்.

"அது அஞ்சு, சேர்."

"எங்கை பாப்பம்... ஓம், அஞ்சுதான். அஞ்சாம் நம்பர், இடது!"

பணிப்பாளரின் மற்றச் சப்பாத்து மட்டும் கிடைக்கவில்லை. (திங்கட்கிழமை குழாயடியில் கிடைத்தது. கொண்டுவந்த பிள்ளைக்குச் சீட்டுக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.) கணவருக்குப் போன் எடுத்து, வீட்டிலிருக்கும் நல்ல செருப்பு ஒரு சோடி கொண்டுவரச் சொன்னேன். அவர் எது நல்லது என்று யோசிக்காமல் வீட்டிலிருந்த அத்தனையையும் ஒரு உரப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து பணிப்பாளரின் முன்னால் கொட்டினார். அந்தப் பாதத்துக்குப் பொருந்தியது குளியலறைக்குப் போடுகிற நீல நிற றப்பர்ச் செருப்பு மட்டும்தான்.

"போட்டுக்கொண்டு போங்கோ ஐயா. பின்னேரம் திருப்பித் தந்தால் இஞ்சை சீட்டும் குடுக்கிறவை" என்றார் என் கணவர்.

பணிப்பாளர் சிரிக்கவில்லை. "முடிவைப் பிறகு சொல்லுறன்" என்று அதிபரிடம் சொல்லிவிட்டு, மடிப்புக் கலையாத காற்சட்டையோடும் நீலச் செருப்போடும் கூட்டத்துக்குப் புறப்பட்டார்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் தேயவே இல்லை. தொலைந்துபோன கதவுத் திறப்பை யாராவது எடுத்துத் தந்தால், முதலில் கையை நீட்டிச் சீட்டுக் கேட்பார்கள், பிறகுதான் திறப்பு. எனக்கோ கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக இன்றும் மனம் வராது. கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் கும்பிடுகிறேன்.

அன்று பின்னேரம் நான் படுக்கையை விட்டு எழும்பவில்லை. திங்கட்கிழமை அந்தப் பிரம்பு யாருடைய கையில் இருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் யோசிக்க முடியவில்லை. ஆரணி இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். இருட்டுகிற நேரம் படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. நான் எழும்புமுன் ஆரணி ஓடிப்போய்த் திறந்தாள்.

புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பணிப்பாளர் நின்றார். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொதி.

"பிரம்பைக் கண்டும் முன்னுக்கு வந்து உண்மை சொல்லுற பிள்ளை இருக்கு. அது அடுத்த தவணையும் அலுமாரிக்கு மேலையே கிடக்கட்டும் எண்டு அதிபருக்குச் சொல்லிப்போட்டன், தங்கச்சி" என்றார் என்னைப் பார்த்து. பிறகு பொதியைப் பிரித்து, நீலச் செருப்பை ஒவ்வொன்றாக ஆரணியின் கையில் வைத்தார்.

"இப்ப சொல்லு பிள்ளை, எனக்கு எத்தினை சீட்டு?"